ஒரு மணி கூடிய செபமாலை

ஆகஸ்ட் 9, சனி

சிஸ்டர் அமலா வாசலில் செருப்பைக் கழற்றினார். காலில் சாக்ஸ். இந்த வெயிலில்! கச்சான் காற்று வேறு, தெருவெல்லாம் மணல். இத்தாலியில் பழகிவிட்டதாம், வெறுங்காலோடு நின்றால் கூச்சமாக இருக்கிறதாம். எங்கள் தெருவில் பிறந்தவர்தான். மாதா கோயில் திருவிழாவுக்கு லீவில் வந்திருக்கிறார்.

சாயங்காலம் எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம். தெருக்காரர்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபம் சொல்வது. சுண்டல் நான் வைத்தது. உப்பு கூடிவிட்டது. யாரும் சொல்லவில்லை.

சிஸ்டருக்கு அங்கே முதியோர் இல்லத்தில் வேலை. ஞாயிறு பூசைக்கே பத்துப் பதினைந்து பேர்தான் வருவார்களாம். அதிலும் பாதிப் பேர் வெளிநாட்டிலிருந்து வேலைக்குப் போனவர்கள்.

"நம்ம கோயில்ல செருப்பு விட எடம் இல்ல" என்றாள் அம்மா.

பக்கத்து வீட்டு மைனி விடவில்லை. "வெள்ளக்காரன் கப்பல்ல வந்து நமக்கு வேதம் சொன்னான். இப்ப நம்ம பிள்ளைக பிளைட்ல போயி அவனுக்குப் பீ தொடைக்குதுக."

எல்லாரும் சிரித்தார்கள். சிஸ்டரும்தான். "ஆமா மைனி, தொடைக்கத்தான் செய்யுதேன். அதுக்குத்தான போனேன்."

அங்கே கார்லா என்று ஒரு அம்மா. பெற்ற மகன் பெயரே மறந்துவிட்டதாம். செபமாலையைக் கையில் கொடுத்தால் மட்டும் விரல் ஒரு மணி தப்பாமல் நகருமாம்.

கேட்க நினைத்தது: ஒன்பதாவதோடு நின்றவளைக் கன்னியர் மடத்தில் சேர்ப்பார்களா? டம்ளர் கழுவப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

காற்று. கடையில் மாதா படம் இரண்டு முறை விழுந்தது. கண்ணாடி தப்பியது.

கோயில் பக்கத்தில் ஸ்டெல்லா அக்கா கடை. அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் ஆனதும் பள்ளிக்கூடம் நின்றது. அம்மா எழுந்து நடமாடத் தொடங்கியதிலிருந்து இங்கேதான் செபமாலை கட்டுகிறேன். சிஸ்டர் தன் இல்லத்துக்குக் கொண்டுபோக மாலைகள் கேட்டிருந்தார். காலையிலிருந்து அதுதான் வேலை. வெள்ளை மணி, முத்து மாதிரியே இருக்கும். பாக்கெட்டில் சீன எழுத்து. முத்துநகரில் கட்டுகிற மாலை, மணி சீனாவுடையது, போகிற ஊர் இத்தாலி. இதில் என்னுடையது முடிச்சு மட்டும்.

கட்டும்போதெல்லாம் யோசனை. எனக்குத் தேவ அழைத்தல் இருக்கிறதா, இல்லை பிளைட்டில் போக ஆசையா? பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டும் சேர்ந்தே வருகிறது. எதற்காவது நான் வேண்டும். யாராவது தூரத்திலிருந்து, நீதான் வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

கடைசி மாலைக்கு ஒரு மணி குறைந்தது. மாலை வாங்க வந்த சிஸ்டருடைய அண்ணன் பைக்கை ஆஃப் பண்ணாமலே ஹாரன் அடித்தார். அக்கா வேறு பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்து, எல்லாவற்றையும் சுருட்டிக் கொடுத்தனுப்பிவிட்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் உறைத்தது. மாலைக்கு எத்தனை மணி என்று கணக்குப் பார்த்துத்தான் அக்கா கிண்ணத்தில் போடுவாள். கடைசியில் ஒன்று குறைந்தால், முன்னால் ஏதோ ஒரு மாலையில் ஒன்று கூடிவிட்டது. பத்து 'அருள் நிறைந்த மரியே'க்குப் பத்து மணி இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று.

திரும்பிப் போய் அக்காவிடம் சொன்னேன். "விடுளா, அங்கன யாரு எண்ணப் போறா?"

கார்லா அம்மா எண்ணுவார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கடைக்குப் போகும் வழியில் சிஸ்டர் வீடு. நாளை திருவனந்தபுரம் போய் அங்கிருந்து விமானம். நடுவீட்டில் பெட்டி. மூட முடியவில்லை.

"ஏளா மெர்சி, நல்ல நேரத்துல வந்த. ஏறி உக்காருளா" என்றார் அண்ணன்.

சொல்ல வாயைத் திறந்தேன். ஏறி உட்கார்ந்துவிட்டேன். அவர் ஜிப்பை இழுத்துப் பூட்டினார். அதற்குப் பிறகுதான் எனக்கு வாய் வந்தது, ஒரு மாலையில் மணி கூடிவிட்டது என்று. மாலை எல்லாம் அதற்குள்ளேயாம், அடியில்.

"இனி இதத் தொறந்தா என்னையும் உள்ள வச்சுத்தான் பூட்டணும்" என்று அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிஸ்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஒண்ணு கூடுனா கொறஞ்சா போச்சு? போட்டும்ளா."

அவர் சிரித்துக்கொண்டிருந்ததால் மடத்தில் சேர்வதையும் கேட்டுவிட்டேன். பெட்டியைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டேன்.

"பத்தாவது வேணும்ளா. பிரைவேட்டா எழுதலாம். ஆனா ஒங்கம்மாவ யாரு பாப்பா?"

குத்தலாகக் கேட்கவில்லை. அப்பா கடலுக்குப் போனால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்.

சிஸ்டரே சொன்னார்: "எங்கம்மா மூச்சு நின்னப்ப நான் அங்கன கார்லாவுக்கு சூப் ஊட்டிக்கிட்டு இருந்தேன்." உடனே குனிந்து பெட்டியை மோந்து பார்த்தார். "ஏண்ணே, கருவாட்டு வாசம் வெளிய வருதா?"

ஆகஸ்ட் 13, புதன்

சிஸ்டர் விடியும் முன்பே போய்விட்டாராம். அவர் வீட்டு வாசலில் ஒரு ஜோடி சாக்ஸ் மட்டும் கொடியில் கிடக்கிறது. மறந்திருப்பார்.

வாங்க: அம்மா மாத்திரை, கடுகு.
விசாரிக்க: பத்தாவது பிரைவேட். அக்காவுக்குத் தெரிந்திருக்கும். (அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம்.)

கடையில் கை ஓடவில்லை. என் முடிச்சு இந்நேரம் வானத்தில். நான் இங்கேயே. அந்த மாலை யார் கைக்குப் போகுமோ, கூடின மணியில் விரல் வந்து நிற்கும். தப்பு தன்னுடையது என்று நினைத்துவிடுவார்களோ? பாவம். அங்கே தனியாக ஒரு செபம் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

விளக்கு வைத்ததும் செபமாலைக்கு உட்கார்ந்தோம். அம்மா காலை நீட்டி, சுவரில் சாய்ந்து. ஒவ்வொரு செபத்திலும் முன்பாதி நான், பின்பாதி அம்மா. என் சத்தம் எனக்கே கேட்காது, அம்மா அதற்கு எப்போதும் திட்டுவாள். முதல் பத்து முடிந்தது.

நான் நிறுத்தவில்லை.

"ஏளா, பத்து முடிஞ்சிட்டு."

"தெரியும்மா."

பதினோராவது 'அருள் நிறைந்த மரியே'யைச் சத்தமாகச் சொன்னேன்.