உள்பக்கம் திருப்பிய நான்கு எண்கள்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம்தான், அங்கே நீயும் மாப்பிள்ளையும் நம் வாண்டும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு எழுந்ததும் முதல் நினைப்பு. கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. எப்போதும் அம்மா எழுதுவாள், அப்பாவும் கேட்டதாகச் சொல் என்று அடியில் ஒரு வரி சேர்ப்பதோடு என் கடமை முடிந்துவிடும். இப்போது அம்மாவால் பேனாவை அரைப் பக்கத்துக்கு மேல் பிடிக்க முடியவில்லை, மணிக்கட்டு ஒரு அளவுக்கு மேல் திரும்ப மாட்டேன் என்கிறது. அதனால் என் கோழிக் கிறுக்கலைத்தான் நீ படித்தாக வேண்டும். வாண்டுக்கு முன்பல் விழுந்த போட்டோ வந்தது. அதை அம்மா எதிர்வீட்டுத் தையல்காரம்மாவுக்குக் காட்டி, கறிகாய்க்காரருக்குக் காட்டி, கடைசியில் கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவருக்கும் காட்டினாள், அந்த மனிதர் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டே ரொம்ப நல்லாருக்கும்மா என்று சொல்லித் தப்பித்தார். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. நானே சரி செய்கிறேன் என்று சொல்லி மூன்று மாதம் ஆகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ போனில் கேட்டாய், நீ வாங்கியிருக்கும் பழைய காரின் நாலு டயரையும் மாற்றச் சொல்லி அங்கே கடைக்காரர் சொல்கிறார், பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது, என்ன செய்யட்டும்பா என்று. நான் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. பட்டன் தேயலைன்னா ஓட்டு, அவன் உன் தலையில கட்டப் பார்க்கிறான் என்று சொல்லி, அவன் டயரே பார்க்காத ஊர்க்காரன் போலிருக்கு என்று அந்தக் கடைக்காரரை ஒரு கிண்டல் வேறு அடித்தேன். நீயும் சிரித்தாய். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக, வண்டியை எடுக்காதே, நாலையும் மாத்திடு என்று மெசேஜ் அனுப்பினேன். நேத்து வேண்டாம்னீங்க இன்னைக்கு மாத்துன்றீங்க, ஏம்பா என்று நீ கேட்டிருந்தாய். அதற்கு நான் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்த ஏம்பாவுக்குப் பதில்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் உன் அப்பன் வாய் எங்காவது ஒரு சந்தில் புகுந்து ஓடிவிடும், எழுதினால் ஓட இடம் இல்லை.

அந்தக் கடைக்காரர் சொன்னது சரி. டயருக்கு மேலே தேயும் அந்த வெட்டைத்தான் நாங்கள் பட்டன் என்போம், எல்லோரும் அதை மட்டும்தான் பார்ப்பார்கள். ஓடாமல் கிடந்தாலும் ரப்பருக்கு வயசாகும். டயர் பக்கவாட்டில் ஒரு நீள எழுத்து வரிசை இருக்கும், அதன் கடைசி நான்கு எண்களில் முதல் இரண்டு எத்தனையாவது வாரம், அடுத்த இரண்டு எந்த வருஷம். ஆறு வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் காட்ட வேண்டும், பத்து ஆனால் பேச்சே கிடையாது, உன்னுடையது எட்டு என்று அவர் சொன்னாரே, அந்த ஊர் வெயிலில் நின்ற வண்டிக்கு எட்டே அதிகம். புதுசு வாங்கும்போது டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதையே கேள், அகலமாகப் போட்டால் அழகாக இருக்கும் என்று மாப்பிள்ளை ஆசைப்படுவார், அவருக்கு நான் சொன்னேன் என்று சொல். அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் பாரம் தாங்கும் எண்ணும் ஸ்டிக்கரில் இருப்பதற்குக் குறையக் கூடாது. காற்றும் அந்த ஸ்டிக்கர்படிதான், டயர் மேலேயே அச்சடித்திருப்பது அதிகபட்ச அளவு, அதைப் பார்த்து அடிக்கிறவர்கள் நிறையப் பேர். காலையில் வண்டி எடுப்பதற்கு முன் டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். காற்று வால்வையும் புதுசாகப் போடச் சொல், ஸ்டெப்னியையும் ஒரு தடவை வெளியே எடுத்துப் பார்க்கச் சொல், அதை எல்லோரும் மறந்துபோவார்கள். ரிம்மில் நெளிவு இருக்கிறதா என்று சுற்றிக் காட்டச் சொல், இருந்தால் தட்டி நிமிர்த்துகிறேன் என்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடு.

இவ்வளவு தெரிந்தவன் ஏன் வேண்டாம் என்றேன் என்றுதானே கேட்கிறாய். எனக்கே என் குரலைக் கேட்டபோது தூக்கிவாரிப் போட்டது. இதே வார்த்தையை, இதே ஜம்பத்தோடு, உன் தம்பியிடம் நான் ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன்.

நான் டயர் கடையை விட்டு ஓய்வு பெற்ற அன்று முதலாளியும் மற்றவர்களும் நாலு புது டயரை வீதியில் உருட்டிக்கொண்டே நம் வீட்டுக்குக் கொண்டுவந்தது உனக்கு நினைவிருக்கும். வண்டியே இல்லாதவனுக்கு நாலு டயரா என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்கு அது சிரிப்பாக இல்லை. முப்பத்தோரு வருஷம் குனிந்து நிமிர்ந்ததற்கு எனக்குக் கிடைத்த மரியாதை அது. பின்கட்டில் தண்ணீர் மோட்டார் ரூமில் அடுக்கி, பிளாஸ்டிக் போட்டு மூடி, மாதம் ஒரு தடவை தூசு தட்டினேன். மேலே தகரக் கூரை, பக்கத்தில் ஓடுகிற மோட்டார், ரப்பருக்கு இதைவிட மோசமான இடம் கிடையாது, அங்கே கொண்டுபோய் வைத்தவன் ஒரு டயர்காரன். எட்டு வருஷம் கழித்து உன் தம்பி ரொட்டி சப்ளைக்கு வேன் வாங்கினான், பார்த்தால் அதே அளவு ரிம். நான் வாசலிலேயே கைதட்டினேன், அம்மா ஏதோ பரிசு விழுந்துவிட்டது என்று ஓடி வந்தாள். பின்னாடி இரண்டும் மொட்டையாகியிருந்தன, அவன் புதுசு வாங்கக் கிளம்பினான், வீட்டிலேயே நாலு இருக்கும்போது எவன் கடைக்கோ போவியா என்று மறித்தேன். ரொம்ப நாளாச்சேப்பா, தேதி பார்த்தீங்களா என்று கேட்டான். எனக்கே டயர் சொல்லித் தர்றியாடா என்று கேட்டுவிட்டு, நானே ஜாக்கி போட்டு இரண்டை மாட்டினேன். மேலே முளைத்திருக்கும் ரப்பர் முடி கூட உதிராத டயர், பார்க்கப் பார்க்க அவ்வளவு ஆசை. அந்த ஆசையில் தேதியைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

மூன்று மாதம் ஓடியது. அப்புறம் அந்த மத்தியானம், அம்மாவைப் பெரியம்மா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போகும்போது நெடுஞ்சாலையில் வலது பின் டயரின் மேல்தோல் பட்டையாகக் கழன்றது, வேன் திரும்பி நடுத்தடுப்பில் இடித்துப் பக்கவாட்டில் சாய்ந்தது, அம்மாவின் மணிக்கட்டு உடைந்தது. இதெல்லாம் உனக்குத் தெரியும், ஆனால் நீ தெரிந்துகொண்டது என் வாயால். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு உன்னிடம் போனில், வேகமா போயிருப்பான் என்று சொன்னவன் நான். அவன் என் எதிரில் நின்றுகொண்டிருந்தான், நெற்றியில் பஞ்சு ஒட்டியிருந்தது. நீ போனை அவனிடம் கொடுக்கச் சொன்னாய். அம்மாவைக் கொல்லப் பார்த்தியா என்று நீ கேட்டது எனக்கும் கேட்டது. அவன் போனை என் கையில் திருப்பிக் கொடுத்தான். அன்றையிலிருந்து பதினாலு மாதமாக நீ அவனோடு பேசவில்லை, அடுத்த மாதம் வரும்போது கூட அவன் வண்டியில் ஏற மாட்டேன், வாடகைக் கார் பிடித்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அம்மா மட்டும் ஆஸ்பத்திரியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள், அவன் மெதுவாத்தான் போனான், நான் ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு இருந்தேன், ஒரு சுளை கூடக் கீழே விழலை என்று. பிள்ளைப் பாசத்தில் பேசுகிறாள் என்று சொல்லி அவள் வாயை அடைத்ததும் நான்தான். அவன் மேல் தப்பில்லை மகளே. வேகமும் இல்லை, தூக்கமும் இல்லை. தேதியைப் பார்க்காமல் மாட்டிய என் கவனக்குறைவு. இதைச் சொல்ல இத்தனை நாள் ஆனதற்கு என்னை மன்னித்துவிடு. இத்துடன் முடிக்கிறேன்.

முடிக்க முடியவில்லை. இது மறுநாள் எழுதுவது. மேலே எழுதியதை மடித்து உறையில் போடுவதற்கு முன் உன் தம்பியிடம் படித்துக் காட்டிவிடலாம் என்று தோன்றியது, அவன் பெயர் கெட்டதற்கு முதல் பதில் அவனுக்குத்தானே போக வேண்டும். சாப்பாட்டு மேசையில் அவன் ரொட்டிக் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்தான், அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆரம்பத்திலிருந்து படித்தேன். அவன் தலை நிமிராமல் கேட்டான். முடித்ததும் நோட்டை மூடினான். அப்புறம், நம்பர் உள்பக்கம் பார்த்து இருந்துச்சே, அதையும் எழுதுங்கப்பா என்றான்.

அவ்வளவுதான் சொன்னான், எழுந்து போய்க் கை கழுவினான். விபத்து நடந்த அன்று சாயங்காலம் சாய்ந்த வேனை லாரியில் ஏற்றும்போதே அந்த டயரைப் பார்த்திருக்கிறான். பதினாலு மாதமாகத் தெரிந்துகொண்டே என்னோடு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறான். அவன் எழுந்து போன பிறகுதான் எனக்கு உறைத்தது, வேனுக்கு அவன் புதுசாக எந்த டயர் போட்டாலும் அந்த நான்கு எண்களும் வெளியே தெரிகிற மாதிரிதான் மாட்டுகிறான். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தும் நான் தற்செயல் என்று நினைத்தேன்.

அதனால் எழுதுகிறேன். மேலே கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று எழுதியிருப்பது பொய். நான் பார்த்தேன். அவன் தேதி கேட்டானே, அதற்குப் பிறகு அவன் டீ குடிக்க உள்ளே போனபோது டார்ச் அடித்துப் பார்த்தேன். பரிசாக வந்தபோதே ஒரு வருஷப் பழசு, மொத்தம் ஒன்பது வருஷம். அந்த எண் முழுசாக ஒரு பக்கத்தில்தான் இருக்கும், மறுபக்கத்தில் பாதியோடு நின்றுவிடும், அது டயர் கடைக்காரனுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. எந்தப் பக்கம் வெளியே பார்த்தாலும் பரவாயில்லை என்கிற ரக டயர் அது. இரண்டையும் எண் உள்பக்கம் போகிற மாதிரி திருப்பி ரிம்மில் ஏற்றினேன். அவன் வெளியே வந்து குனிந்து பார்த்தபோது ஒன்றும் இல்லை. ஆறு வருஷ டயரைக் கொண்டுவந்த எத்தனையோ பேரை நான் கடையிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறேன், ஒரு வாத்தியார் கெஞ்சியும் மாட்ட மாட்டேன் என்று நின்றிருக்கிறேன். என் சொந்தப் பிள்ளைக்கு மாட்டினேன். ஏன் என்று கேட்டால், அந்த நாலும் குப்பை என்று என் வாயால் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதைக் குப்பை என்றால் என் முப்பத்தோரு வருஷத்தையும் சேர்த்து வெளியே எறிகிற மாதிரி இருந்தது. அவ்வளவு அற்பமான காரணம். அதற்கு அம்மாவின் கை போனது, உன் தம்பிக்கு அக்கா போனாள்.

அடுப்படியிலிருந்து அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். மெதுவாத்தான் போனான்னு சொன்னேனா இல்லையா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அதற்கு அப்புறம் என்னோடு பேச்சு இல்லை, தட்டு மட்டும் வேளாவேளைக்கு வருகிறது. வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதானே. இன்று காலை மோட்டார் ரூமில் மிச்சம் இருந்த இரண்டையும் நானும் உன் தம்பியும் வெளியே உருட்டினோம். இனி யார் கைக்குப் போனாலும் மாட்ட முடியாதபடி பக்கவாட்டைக் கிழித்துவிடுவதுதான் முறை. கத்தியை அவனிடம் நீட்டினேன், நீங்களே கிழிங்கப்பா என்று சொல்லிவிட்டு டயர் நகராமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். இரண்டையும் நானே கிழித்தேன்.

உன்னிடம் மூன்றே மூன்று கேட்கிறேன். புது டயர் மாட்டிய பிறகு ஒரு நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்பக் கடைக்குப் போய் நட்டுகளை இன்னொரு தடவை இறுக்கச் சொல், எதிரெதிராகக் கை ஸ்பேனரால் இறுக்க வேண்டும், முதலில் இறுக்கியது கொஞ்சம் தளரும். புது டயரில் இருக்கும் அந்த நான்கு எண்களை எனக்கு எழுதி அனுப்பு. இன்னொன்று, இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யாதே. அவனுக்குச் செய். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் டயர் பற்றிக் கேள், அவன் என்னைவிட நன்றாகச் சொல்வான். என்னைத் திட்ட வேண்டியதை நீ நேரில் வந்து திட்டலாம், ஓடமாட்டேன். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நீண்ட ஆயுளோடு, போன இடமெல்லாம் பத்திரமாகத் திரும்பி வந்து நன்றாக இருக்க வேண்டும்.

உன்னிடம் பொய் சொன்ன, உன்மேல் உயிரையே வைத்திருக்கும்
அப்பா

உறையை ஒட்டப் போனபோது அம்மா வந்து கடிதத்தைப் பிடுங்கி முழுக்கப் படித்தாள், பேனாவையும் பிடுங்கினாள். கீழே கோணலாக, பாதியில் நின்று திரும்பவும் ஆரம்பித்திருப்பது அவள் கையெழுத்து. கையை நான் பிடித்துக்கொள்கிறேன் என்றேன், வேண்டாம் என்று அவளேதான் போட்டாள்.