தண்ணீர் ஊற்றியும் இறங்காத கொப்புளம்

சேசு மரி சூசை துணை

சிடாம் கிரி, கெடா
11-10-1983

அன்பு மகள் பேட்ரிசியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் தம்பி லியோனார்டும் இங்கே சுகம். மற்ற நாளில் இதை வழக்கத்துக்காக எழுதுவது, இன்றைக்கு நிஜமாகவே எழுதுகிறேன். லண்டன் குளிரில் நீயும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறோம். நர்ஸ் படிப்பை விட்டுவிட்டு அடுத்த விமானத்தில் புறப்படுகிறேன் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் மகளே, அம்மா பிழைத்துவிட்டாள். இந்த வரியை இன்னொரு தடவை படி, நன்றாக மூச்சு விடு, பிறகு மீதியைப் படிக்கலாம்.

தம்பி அரைகுறையாக எழுதி உன்னைப் பயமுறுத்திவிட்டான், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். ஈஸ்டர் முடிந்த கையோடு அம்மாவுக்கு வாயெல்லாம் புண். காரம் ஆகவில்லை, பிறகு கஞ்சியும் ஆகவில்லை, பூசையில் நன்மை வாங்கினால் அந்த மெல்லிய அப்பமே எரிகிறது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அடுத்து முதுகிலும் மார்பிலும் கொப்புளமாக எழும்பியது. பக்கத்து வீட்டு மருதம்மாள் அக்கா பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஆத்தா வந்திருக்கா, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா கோவிச்சுக்குவா என்று சொல்லிவிட்டார். நாம் வேதக்காரர்கள்தான், ஆனால் தோட்டத்து லயத்தில் அம்மை என்றால் எல்லார் வாசலிலும் வேப்பிலைதான் என்பது உனக்குத் தெரியாததா, உனக்கு வந்தபோதும் அப்படித்தானே. வீட்டில் தாளிப்பு நின்றது, யாரும் உள்ளே வருவதில்லை, அம்மா ஜெபமாலையும் கையுமாக வேப்பிலை மேல் படுத்திருந்தாள். மாதாவும் மாரியும் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும் என்று நானும் காத்திருந்தேன். கடைசியில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை அக்காவே தலைக்கு ஊற்றினார். அம்மையாக இருந்தால் அதோடு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. துவட்டின துண்டோடு முதுகுத் தோல் கழன்று வந்தது. அதைப் பார்த்து முதலில் அலறியவரும் அக்காதான், இது ஆத்தா இல்ல அண்ணே, வேற என்னமோ, கேரட்டா கூப்பிடுங்க என்று. கார் பிடித்துப் போனோம், சுங்கைப்பட்டாணி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு நேரே பினாங்குக்கு அனுப்பினார்கள். பினாங்குக்குக் கடல் தாண்டுகிற கப்பலில் அம்மா என் கையைப் பிடிக்கவில்லை, பிடித்தால் தோல் உரியும் என்று பயந்தாள். அன்றைக்கு நான் அவளை இழந்துவிட்டதாகவே நினைத்தேன்.

பினாங்கில் ஒரு சீனப் பெண் டாக்டர் துளித் தோலை வெட்டியெடுத்துப் பார்க்கச் சொல்லி, பெம்பிகஸ் என்று பெயர் சொன்னார். அங்கே நர்ஸாக இருக்கிற தமிழ் மிஸ்ஸி ஒருத்தி எனக்குப் புரியவைத்தாள். நீ புத்தகத்தில் படித்திருப்பாய், இருந்தாலும் அப்பா பாடம் சொல்ல ஒரு வாய்ப்பு, விடுவேனா. நம் உடம்பில் சில அணுக்கள் இருக்கின்றனவாம், வெளியிலிருந்து கிருமி வந்தால் அதை அடிக்க எதிர்ப்பொருள் செய்வதுதான் அவற்றின் வேலை. அம்மாவுக்கு அவற்றில் சிலது ஆள் தெரியாமல் போய், தோலைத் தோலோடு பிடித்து வைத்திருக்கிற பசையையே எதிரி என்று நினைத்து அதற்கும் எதிர்ப்பொருள் செய்துவிட்டது. சைக்கிள் டியூபில் ஒட்டுப்போட்ட சொலுஷன் விட்டுப்போவது மாதிரி பசை விட்டுப்போகிறது, இடையில் நீர் கோத்துக் கொப்புளமாகிறது. ஒட்டுகிற நோயும் இல்லை, சாமி குற்றமும் இல்லை. திருடனைப் பிடிக்கக் காவலுக்கு வைத்த ஜாகா நம் வீட்டுக் கதவையே உடைத்தால் யாரைக் கோபித்துக்கொள்வது? உனக்கும் வருமோ என்று கேட்டேன், அப்படி வருவது மிக அபூர்வம், பயப்பட வேண்டாம் என்றார்கள். அம்மாவுக்கு இப்போது கொடுக்கிற ஸ்டீராய்டு மாத்திரை வருவதற்கு முன்னால் இந்த நோயில் பிழைத்தவர்கள் கொஞ்சம்தானாம். நாம் எந்தக் காலத்தில் இருக்கிறோம் பார், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

மாத்திரை அந்த அணுக்களை அடக்கி வைக்கிறது, புதுக் கொப்புளம் வருவதில்லை, பழையதெல்லாம் காய்ந்துவிட்டது. ஆனால் நல்ல ஜாகாவும் சேர்ந்து தூங்குவதால் காய்ச்சல் கண்டால் உடனே போக வேண்டும், நிஜ அம்மை உள்ள வீட்டுப் பக்கம் தலைகாட்டக் கூடாது. இப்போது லயத்தில் யாருக்காவது உடம்பு சுட்டால் மருதம்மாள் அக்காவே வந்து நம் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போகிறார். ஒரே தொல்லை, மாத்திரையால் அம்மாவுக்கு முகம் உப்பிவிட்டது. கண்ணாடியைப் பார்த்துவிட்டு, தோல்தான் ஆறிடுச்சே, இனி எதுக்கு மருந்து என்கிறாள். சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்பார்களாம். நான் சொன்னால் கேட்கிற ஜென்மமா அவள்? நீ நர்ஸம்மாவாக இரண்டு வரி கடுமையாக எழுது, மறந்துவிடாதே.

போன ஞாயிறு கோயிலில் நன்மை வாங்கித் திரும்பியவள், எரியவில்லை என்று என் காதில் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, முட்டிபோட்டிருந்ததால் யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து நெத்திலிச் சம்பல் கேட்டாள், தின்றாள், உப்பு போதவில்லை என்று என்னைத் திட்டினாள். உன்னை ஆண்டவரும் அன்னையும் காக்கட்டும், கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள், படிப்பை முடித்துவிட்டு வா. பேனாவைக் கொடு என்று பக்கத்தில் நின்று நச்சரிக்கிறாள், கொடுக்கிறேன்.

இப்படிக்கு
உன் ஆசை அப்பா
மோரிஸ்

பேட்ரிசியா, வெரல்ல புதுத் தோல், பேனா புடிச்சா கூசுது, ஆனா வலிக்கல. வந்துடாத லா, படிச்சு முடி. இத்தன மாசம் உங்கப்பா ஆக்குன சோத்த தின்னுட்டே பொழச்சிட்டேன், இனி எனக்கு ஒண்ணும் ஆகாது. அம்மா.