பாதி இன்ஜின் வத்தலக்குண்டில்

நாகல் நகர், திண்டுக்கல்
ஜூன் 9, 2024

அன்புள்ள இளவேனிலுக்கு,

நலம்தானே? இந்தப் பெட்டியை பஸ் கண்டக்டர் பெரியகருப்பன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். வழக்கம்போல அடியில் கடிதம். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. எழுதும்போது கொஞ்சம் நிதானம் இருக்கிறது.

நம் குட்டி ரயில் இன்ஜினின் சட்டகம் எழுந்து நின்றுவிட்டது. கோயம்புத்தூரில் வார்த்து வாங்கிய சிலிண்டர் இரண்டையும் பூட்டிவிட்டேன். பக்கத்துப் பஞ்சர் கடையிலிருந்து காற்றுக் குழாயை இழுத்து விட்டுப் பார்த்தேன். சக்கரங்கள் சுற்றின! கடைக்காரர் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து பார்த்தார்.

ஆனால் நீ கடைந்து அனுப்பிய தண்ணீர்ப் பம்ப் கசிகிறது. ஓடும்போது கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்ற அதை விட்டால் வேறு வழி இல்லை. கோபப்படாமல் இன்னொன்று செய்து அனுப்பு.

வீட்டில் ஒருத்தனுக்குத்தானே, ஒரு சோறு, ஒரு வெஞ்சனம் என்று பொழுது போகிறது. உச்சி வெயிலில் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்காதே. பெட்டி கனம்.

அன்புடன்,
விக்னேஷ்


வத்தலக்குண்டு
ஜூன் 23, 2024

அன்புள்ள விக்னேஷுக்கு,

பெட்டி வந்தது. பம்பைப் புதிதாகக் கடைந்து இதே பெட்டியில் வைத்திருக்கிறேன். தாமதத்துக்கு நான் பொறுப்பில்லை. ஐ.டி.ஐ.யில் பரீட்சை நேரம். பகல் முழுக்கப் பிள்ளைகளுக்கு வெல்டிங் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தால் கண் எரிகிறது, கை தூக்க முடியவில்லை.

ஐ.டி.ஐ. பட்டறையிலேயே கொதிகலனைச் சோதித்துவிட்டேன். தண்ணீரை நிரப்பி, கைப்பம்பால் அழுத்தத்தை நூற்று அறுபது பவுண்டு வரை ஏற்றினேன். நாம் ஓட்டப்போவது எண்பதில்தான். அதற்கு இரண்டு மடங்கு தாங்க வேண்டுமல்லவா? அழுத்தமானியின் முள் இறங்கவில்லை. செம்புத் தகட்டில் நான் பற்றவைத்த ஒரு இடத்தில்கூட ஈரம் இல்லை. உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆள் இல்லை. கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிட்டேன்.

பெரியகருப்பன் அண்ணன் பெட்டியை இறக்கும்போது, "ஏம்மா, இம்புட்டு இரும்ப அங்கிட்டும் இங்கிட்டும் தூக்கிட்டு அலையுறதுக்கு, ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்தா ஆகாதா?" என்றார். சிரித்துவைத்தேன்.

வக்கீல் கொடுத்த மனுவில் கையெழுத்துப் போட்டீர்களா? போன கடிதத்திலும் கேட்டிருந்தேன்.

இளவேனில்


திண்டுக்கல்
ஜூலை 7, 2024

அன்புள்ள இளவேனிலுக்கு,

கொதிகலன் தாங்கியது என்று படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். உன் கைக்கு ஈடு கிடையாது.

பம்ப் மட்டும் இன்னும் சரியில்லை. மரை லேசாகப் பொருந்தவில்லை. திருப்பி அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் செய். இன்னொரு விஷயம், சக்கர வார்ப்பில் காற்றுக்குமிழ் இருக்கும் போலத் தெரிகிறது. புதிதாக வார்க்கச் சொல்லிக் கோயம்புத்தூருக்கு எழுதியிருக்கிறேன். தீபாவளிக்குள் வந்துவிடும். அவசரப்பட்டுக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், என்ன?

வக்கீல் ஊரில் இல்லை.

அன்புடன்,
விக்னேஷ்


வத்தலக்குண்டு
ஜூலை 14, 2024

விக்னேஷ்,

பம்பை அளந்து பார்த்தேன். நீங்கள் வரைந்து கொடுத்த அளவில் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. எண்ணெயில் முக்கி, தண்ணீர் அடித்துப் பார்த்தேன். கசியவில்லை. முதலில் அனுப்பியதும் கசிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

சக்கரத்தில் காற்றுக்குமிழ் என்கிறீர்கள். அந்தச் சக்கரங்களை நாம் இரண்டு பேரும் கயிற்றில் தொங்கவிட்டு, சுத்தியலால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டோம். எல்லாம் மணி மாதிரி ஒலித்தன. பஞ்சர் கடைக் காற்றில் அவைதானே சுற்றின?

எனக்குப் புரிகிறது. இன்ஜின் முடிந்தால் பெட்டி வராது. பெட்டி வராவிட்டால் கடிதமும் வராது. அதனால் முடியாமலே வைத்திருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. எனக்கு அசதியாக இருக்கிறது, விக்னேஷ்.

குழந்தைக்காக மதுரை ஆஸ்பத்திரிக்கு இனிமேல் வர வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்ன அன்று ஞாபகம் இருக்கிறதா? பஸ்ஸில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். சின்னாளப்பட்டி தாண்டியதும் நீங்கள்தான், "நெசமாவே கரி போட்டு ஓட்டுற மாதிரி ஒரு சின்ன ரயில் இன்ஜின் செய்வமா?" என்று கேட்டீர்கள். நான் சரி என்றேன். சாயங்காலம் பேசிக்கொள்ள நமக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. பட்டறைக்குள் நாம் நன்றாகத்தான் இருந்தோம். விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குள் வந்தால் ஆளுக்கொரு மூலை. அப்படியே எத்தனை வருடம் ஓட்டிவிட்டோம்!

ஆகஸ்ட் பதினைந்து லீவு. காலையில் கொதிகலனையும் பம்பையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அங்கே வருகிறேன். பழைய சக்கரத்தையே மாட்டிவையுங்கள். ஓடினால் ஓடட்டும்.

இளவேனில்


திண்டுக்கல்
ஜூலை 28, 2024

இளவேனில்,

மாட்டிவிட்டேன். வா.

செங்கல் சூளையிலிருந்து ஒரு மூட்டை நிலக்கரி வாங்கி, பட்டாணி அளவுக்கு உடைத்து வைத்திருக்கிறேன். பட்டறை ஓரமாகத் தண்டவாளத்தையும் காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் நீட்டிவிட்டேன். பம்பை மறக்காமல் எடுத்து வா.

விக்னேஷ்


வத்தலக்குண்டு
ஆகஸ்ட் 18, 2024

அன்புள்ள விக்னேஷுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கையில் இன்னும் கரி வாசனை போகவில்லை.

மூன்று நாளாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் குனிந்து கரி அள்ளிப் போட, நான் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் எழுபதைத் தாண்டியபோது நீங்கள் நீராவித் திருகைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்து, "தொறக்கவா?" என்று கேட்டீர்கள். "தொறங்க" என்றேன். அது முதலில் தண்ணீரைத் துப்பி, இருமி, பிறகு பின்னால் மாட்டிய சக்கரப் பலகையில் உங்களை உட்காரவைத்து இழுத்துக்கொண்டு சுவர் வரைக்கும் போனதே! நான் கத்தியது தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அடுத்த நடை என்னை ஏற்றிக்கொண்டு போனீர்கள். சூடான எண்ணெய் என் சேலையில் தெறித்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனையோ நாளாயிற்று. நீங்களும் அப்படித்தான் இருந்தீர்கள், பார்த்தேன்.

நெருப்பை இறக்கிய பிறகு, "அடுத்து இதுக்கு ஒரு பெட்டி செய்வமா? ஆளுக உக்கார்ற மாதிரி?" என்று கேட்டீர்கள். "செத்த நேரம் இருங்க, தண்ணி குடிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். அப்போது பதில் சொல்லியிருக்க வேண்டும்.

வேண்டாம். பெட்டி வேண்டாம்.

நீங்கள் டீ போட்டுக் கொடுத்தீர்கள். கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து குடித்தோம். வெளியே இன்ஜின் ஆறிக்கொண்டிருந்தது. உள்ளே நமக்குப் பேச ஒன்றும் இல்லை. நீங்கள் ஃபேனைப் பார்த்தீர்கள், நான் காலண்டரைப் பார்த்தேன். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

கொதிகலனைத் திருப்பிக் கேட்க மாட்டேன். அது சட்டகத்தின் மேலேயே இருக்கட்டும். பிரித்து எடுத்தால் இரண்டும் வீண். அமாவாசை, பௌர்ணமி என்று பார்க்காமல் அவ்வப்போது மூட்டி ஓட்டுங்கள். தெருப் பிள்ளைகளை ஏற்றுங்கள். நான் வந்து பார்க்க மாட்டேன், அதற்காக வருத்தப்படாதீர்கள்.

உங்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இளவேனில்


திண்டுக்கல்
ஆகஸ்ட் 27, 2024

அன்புள்ள இளவேனிலுக்கு,

பஸ்ஸில் கொடுத்துவிடப் பொருள் ஏதும் இல்லை. அதனால் இது தபாலில் வருகிறது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு வாரம் பட்டறையைத் திறக்கவில்லை. பிறகு திறந்தேன். ஆர்டர் வேலை நிறையக் கிடக்கிறது.

மனுவில் கையெழுத்துப் போட்டு வக்கீலிடம் கொடுத்துவிட்டேன். வருகிற திங்கட்கிழமை இருவரும் நேரில் வர வேண்டும் என்றார். அடையாள அட்டையும் கல்யாணப் போட்டோ ஒன்றும் கேட்கிறார்கள். போட்டோ என்னிடம் இருக்கிறது, நான் கொண்டுவருகிறேன். நீ தேட வேண்டாம்.

கோர்ட் வராந்தாவில் வெயில் அடிக்கும், உள்ளே பெஞ்சில் உட்கார்ந்துகொள். நம்மைக் கூப்பிட மதியத்துக்கு மேல் ஆகிவிடுமாம். சாப்பிடாமல் கிளம்பிவிடாதே. நானும் சாப்பிட்டுவிட்டே வருகிறேன்.

விக்னேஷ்