நடந்தால் செல்லாது

பழங்காநத்தம்,
பங்குனி முதல் ஞாயிறு, மதியம்.

அன்பு மகள் பவதாரிணிக்கு அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியை எழுதத்தான் கை போகிறது, அப்படி எழுதியே பழகிய கை. இந்தத் தடவை அதை எழுத முடியவில்லை தாயி. போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா பக்கத்திலேயே படுத்திருக்கிறாள், நான் வாசலுக்குப் போய்ப் பேசினாலே யாருகிட்ட குசுகுசுன்னு பேசுறீங்க என்று உள்ளே இருந்து சத்தம் வருகிறது. வாட்ஸ்அப்பில் அடிக்க எனக்கு விரல் வராது. அதனால் விளாங்குடியில் நம் வீட்டில், அம்மாவோடு சேர்ந்து ஓடுகிற மரியம் பீவியை அவளுக்குத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு, ஸ்டாக் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக் கடைக்கு வந்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து எழுதுகிறேன். முடித்ததும் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கொடுத்து உன் மெயிலுக்கு அனுப்பச் சொல்லப்போகிறேன். ஜெராக்ஸ் கடைக்காரர் படிப்பார். படித்தால் படிக்கட்டும், இன்னும் கொஞ்ச நாளில் ஊருக்கே தெரியத்தானே போகிறது.

தை மாத ஓட்டத்தில் அம்மாவுக்குக் கால் பிசகிவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறது, சீக்கிரம் எழுந்துவிடுவாள் என்று உன்னிடம் சொன்னோம் அல்லவா, அது பொய். சொல்லச் சொன்னது அவள், சொன்னது நான். நாலு வருசத்துக்கு முன்னால் மார்பில் வந்து, வெட்டி எடுத்து, ஊசி போட்டு, கரண்டு வைத்து, போய்த் தொலைந்தது என்று நாம் நினைத்த அந்தச் சனியன் போகவில்லை. இடுப்பு எலும்பில் இருக்கிறது, முதுகுத்தண்டில் இருக்கிறது, ஈரலிலும் புள்ளி தெரிகிறது என்கிறார் டாக்டர். ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். சுற்றி வளைத்து எழுதினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்க வேண்டும். மருந்து இருக்கிறது, ஆனால் அது குணமாக்குவதற்கு இல்லை, தள்ளிப்போடுவதற்கு என்று அவர் தெளிவாகவே சொல்லிவிட்டார். எவ்வளவு நாள் தள்ளும் என்று கேட்டேன். அதெல்லாம் இப்ப சொல்ல முடியாது சார் என்றார். நல்ல சேதியாக இருந்தால் சொல்லியிருப்பார்.

இதைப் படித்ததும் உன் மனசு எங்கே ஓடும் என்று எனக்குத் தெரியும். நான்தானே ஓடச் சொன்னேன் என்பாய். அதற்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். நானும் அதையேதான் டாக்டரிடம் கேட்டேன், கோபமாகவே கேட்டேன். ஓடியதால் வந்ததில்லை, அது முன்னாலேயே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது, ஓடியதால் எலும்பில் விரிசல் விட்டு வெளியே தெரிந்தது, அவ்வளவுதான் என்றார். இதை நீ ரெண்டு தடவை படி. நீ அவளை ஓட வைத்திராவிட்டால் இந்த நாலு வருசத்தை அவள் எப்படிக் கழித்திருப்பாள் என்று எனக்குத் தெரியும், நான் கூடவே இருந்தவன். வைத்தியம் முடிந்து வந்த புதிதில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள் திரும்பவே இல்லை. நீதான் தினமும் விடிகிற நேரத்துக்கு, உனக்கு அங்கே ஆபீஸ் நேரம், போன் போட்டு இன்னைக்கு கேட்டு வரைக்கும் போம்மா, இன்னைக்குத் தெருமுனை வரைக்கும் போம்மா என்று அவளைக் கிளப்பினாய். அப்புறம் வைகைக் கரை, அப்புறம் கீழக்குயில்குடி மலையடிவாரம். உன் காலிலேயே போட்டுப் பார்த்து மெல்போர்னில் இருந்து ஷூ வாங்கி அனுப்பினாய். அதை மாட்டிக்கொண்டு அவள் கிளம்பிய அன்று நான் செய்த கேலி கொஞ்சமா, மாடு அத்துக்கிட்டு ஓடுற மாதிரி ஓடுறியே, பின்னாடி கயித்தப் புடிச்சுக்கிட்டு நானும் வரணுமா என்றேன். தெருவில் எதிர்வீட்டுக் கனகலட்சுமி, உங்க வீட்டுத் தமிழ்ச்செல்விக்குக் காத்து கருப்பு அடிச்சிருச்சா என்று என்னிடம் நேரிலேயே கேட்டாள். ஆஸ்பத்திரியில் அரை இட்லிக்கு அழுதவள், முதல் தடவை பத்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து ஆறு இட்லி தின்றாள். சட்னி போதவில்லை என்று என்னிடம் சண்டை போட்டாள். அந்தச் சண்டையை நீதான் எனக்குக் கொடுத்தாய்.

கார்த்திகையிலேயே இடுப்பு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவள் சேர்ந்து ஓடுகிற கூட்டத்தில் வலி இல்லாத ஆள் யார்? மரியம் பீவிக்கு முட்டி வலி, பேங்குக்காரர் சிவக்குமாருக்குக் குதிகால் வலி, ஆளுக்கொரு ஸ்ப்ரே, ஆளுக்கொரு எண்ணெய். ஓடி முடித்ததும் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து அவரவர் வலியைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள், கல்யாண வீட்டில் நகையைக் காட்டுவது போல. அம்புட்டுப் பேரும் நொண்டிக்கொண்டிருந்த இடத்தில் இவள் நொண்டியதை மட்டும் யார் தனியாகப் பார்ப்பது? நானும் சிலம்பம் சொல்லிக்கொடுக்கிற விருமாண்டி அண்ணனிடம் எண்ணெய் வாங்கி வந்து தேய்த்துவிட்டேன். தேய்த்ததும் வலி கேட்கிறது என்றாள். வருசாவருசம் எடுக்கிற ஸ்கேன் மாசியில் இருந்தது, அதற்குள் ஓட்டம் வந்துவிட்டது.

ஓட்டத்தன்று தேனி ரோட்டில் அந்தக் கல்லூரி மைதானத்தில் நான் பிளாஸ்கில் சுக்குக் காப்பியோடு நின்றிருந்தேன். இருட்டோடு கிளம்பிப் போனார்கள். செக்கானூரணிப் பக்கம் போய்த் திரும்பி, கீழக்குயில்குடிக்குள் வந்து, திரும்ப மைதானத்துக்கு வர வேண்டும். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து மெடலை வாங்கிப் பல்லால் கடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவள் வரவில்லை. மரியம் பீவி வந்தாள், வரும்போதே அழுதுகொண்டு வந்தாள். கீழக்குயில்குடிச் சாலையோரத்தில் சின்னக் கருப்பு கோயில் இருக்கிறதே, அதுக்கு முன்னால் வரும்போது இடுப்பில் ஏதோ முறிந்த மாதிரி இருந்ததாம், கோயில் சுவரைப் பிடித்தவள் விடவில்லையாம். வண்டியில் தூக்கி ஏற்றும்போதும், கொஞ்சம் இருங்கப்பா, வலி நின்னதும் ஓடிருவேன், இன்னும் அஞ்சுதானே இருக்கு என்று கெஞ்சினாளாம். பட்ட காலிலேயே படும் என்பார்கள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

ஸ்கேன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒரு விஷயத்தைச் சொன்னாள். அந்தக் கருப்பு கோயிலில் வேண்டுதல் நிறைவேறியவர்கள் மணி கட்டுகிற கம்பி ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் ஓடப்போகிறபோதெல்லாம் நின்று கும்பிட்டிருக்கிறாள். இருபத்தோரு கிலோமீட்டரையும் ஓடி முடிச்சு, குடுக்கிற மெடல உன் கம்பில கட்டுறேன், மாசி ஸ்கேன்ல ஒண்ணும் இருக்கக்கூடாது என்று நேர்ந்திருக்கிறாள். வேறு நாளாக இருந்தால், கருப்புக்கு மெடல் எதுக்கு, அவரு என்ன ஒலிம்பிக்குக்கா போகப்போறாரு என்று கேட்டிருப்பேன். கோயில் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்கிற ஆள் நான் என்பது உனக்குத் தெரியும். கோயில் வாசல் வரைக்கும் வந்து நின்னுட்டேன் பாருங்க என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். மரியம் பீவி நல்ல மனுஷி, நோன்பு வைத்துக்கொண்டு சாயங்காலமானால் இவளுக்கும் கஞ்சி கொண்டுவருகிறாள். இதைக் கேட்டதும் தன் மெடலை எடுத்துக்கொண்டு வந்து, அக்கா இதக் கட்டிருங்க, அல்லா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான் என்று கையில் வைத்தாள். அடுத்தவ மெடலக் கட்டுனா சாமிக்குத் தெரியாதா என்று சொல்லி அம்மா திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஒருத்தர் நேர்ந்ததை அந்த வீட்டில் இன்னொருத்தர் செலுத்துவது நம் பக்கத்து வழக்கம்தானே. உனக்குக் காய்ச்சல் என்று அவள் நேர்ந்ததற்கு நான் மொட்டை போட்டதில்லையா? அதை நினைத்துத்தான் இன்று காலையில் யாரிடமும் சொல்லாமல் ஓட்டத்தன்று அவள் குத்தியிருந்த நம்பர் அட்டையை என் சட்டையில் ஊக்கு வைத்துக் குத்திக்கொண்டு கீழக்குயில்குடிக்கு பஸ் ஏறினேன். கருப்பு கோயில் வாசலில் அவள் பிடித்த சுவரை நானும் ஒரு தடவை பிடித்துவிட்டு, மிச்ச தூரத்தை நடக்க ஆரம்பித்தேன். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைக்காதே. எலும்புக்குள் போனதை என் நடை போய் விரட்டாது என்று ஒவ்வொரு அடிக்கும் தெரிந்துதான் நடந்தேன். வீட்டில் உட்கார்ந்து அவள் முனகுவதைக் கேட்பதற்கு இது பரவாயில்லை என்று இருந்தது, உள்ளதைச் சொன்னால் அவ்வளவுதான். தேனி ரோட்டில் டீக்கடைக்காரர் அட்டையைப் பார்த்துவிட்டு, அண்ணே, ஓட்டமெல்லாம் முடிஞ்சு மாசமாச்சே, இப்பத்தான் வாரீங்களா என்றார். ஆமாண்ணே, கொஞ்சம் லேட்டாயிருச்சு என்று சொல்லி டீ குடித்துவிட்டு நடந்தேன். மைதானத்தில் அன்று வைத்திருந்த வளைவும் இல்லை, கோடும் இல்லை, சின்னப் பசங்க கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். முடிகிற கோடு எந்த இடத்தில் இருந்தது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. அதனால் எதற்கும் இருக்கட்டும் என்று மைதானத்தின் கடைசிச் சுவர் வரைக்கும் போய்த் தொட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்து, முடிச்சாச்சு என்றேன். எங்கே போய் வந்தேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. வேர்த்திருந்த சட்டையைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், நடந்தீங்களா ஓடுனீங்களா என்று கேட்டாள். இந்த வயித்த வச்சுக்கிட்டு எங்க ஓட, நடந்தேன் என்றேன். நான் நேந்துக்கிட்டது ஓடுறதுக்கு, நடந்தா செல்லாது என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனதில் இருந்து இன்றைக்குத்தான் சிரிக்கிறாள். சிரித்ததில் இடுப்பு வலித்து, ஐயோ என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், அப்புறம் என்னால் நிறுத்த முடியாமல் அழுதுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, பவா ஓடுனா செல்லும் என்றாள்.

பவாம்மா, உன் அம்மா உன்னை வா என்று என்றைக்காவது கூப்பிட்டிருக்கிறாளா? முதல் ஆபரேஷனுக்குக்கூட லீவு கிடைச்சா வா, இல்லாட்டி அங்கேயே இரு என்றவள். இப்போதும் ஒவ்வொரு நாளும், அடுத்த தையில வரத்தானே போறா, ரெண்டு பேரும் சேர்ந்து ஓடுறதாத்தானே பேச்சு, அதுக்கு முன்னாடி அவள அலைக்கழிக்காதீங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்டவள் இதைச் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிகிறது, உனக்கும் புரியும். தை வரைக்கும் வைத்துக்கொள்ளாதே. டிக்கெட்டை மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பி வா. நீ வந்து ஓடினால் ஒன்றும் மாறிவிடாது, அதைத் தெரிந்துகொண்டே வா. கருப்பும் ஒன்றும் செய்யப்போவதில்லை, டாக்டரும் ஒன்றும் செய்யப்போவதில்லை, நீயும் நானும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அவள் கட்டிலில் கிடந்து காத்துக்கொண்டிருப்பாள், நீ ஓடிவிட்டு வியர்வையோடு உள்ளே வர வேண்டும், அதை அவள் பார்க்க வேண்டும். எனக்கு அவ்வளவுதான் கேட்கத் தெரிகிறது.

மற்றபடி இங்கே வெயில் பங்குனியிலேயே மண்டையைப் பிளக்கிறது, மாடித் தண்ணீர் கொதிக்கிறது. கடையை மதியம் வரைக்கும்தான் திறக்கிறேன். இன்று ராத்திரி நீ போன் போடும்போது ஒன்றும் தெரியாத மாதிரி பேசு, அழுதுவிடாதே, உன் குரல் கொஞ்சம் மாறினாலும் அவள் கண்டுபிடித்துவிடுவாள். கடிதத்தைப் படித்துவிட்டுப் பட்டினி கிடக்காதே, மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லு, அவர் வேலையைப் போட்டுவிட்டு உடனே வர வேண்டாம், நீ மட்டும் முதலில் வா. ராத்திரி எந்நேரம் வந்து இறங்கினாலும் ஏர்போர்ட்டில் நான் நிற்பேன், டாக்ஸி பிடிக்காதே. நீ நூறு வயசு நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று சாமி கும்பிடத் தெரியாத உன் அப்பன் கும்பிட்டுக்கொள்கிறேன்.

ஒன்று மறந்துவிட்டேன். பெட்டியில் ஷூவைத் திணித்துக்கொண்டு வராதே. அம்மாவுடையதை இன்று காலையில் கழுவச் சொன்னாள், நான்தான் கழுவி மாடியில் காயப்போட்டுவிட்டு வந்திருக்கிறேன். உங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதானே.

இப்படிக்கு,
உன் வருகைக்குக் காத்திருக்கும்
அப்பா
சோ. அழகுபாண்டி