பின்னிணைப்பு நான்கில் ஒரு புளியங்கொட்டை

திங்கள்

விடியலிலிருந்து மழை. செய்ய வேண்டியவை: குடைக்கம்பி, பல் மருத்துவர் (மாலை 4), இறுதி அறிக்கைப் பிழைதிருத்தம்.

எதுவும் நடக்கவில்லை. ஒன்பதரைக்குக் களப்பணியாளர் பிரேமாவின் அழைப்பு. "சார், லெட்சுமிக்காவுக்கு நோட்டீஸ் வந்துருச்சு. பதினாலு நாள்ல வீட்டக் காலி பண்ணணுமாம். கால் எடுத்த மனுஷன வச்சிக்கிட்டு எங்க சார் போவாங்க?"

நீரிழிவு நோயாளிகளின் கால்களைப் பார்க்க மாதந்தோறும் தாதி வர வேண்டிய திட்டம். நடத்துவது தோட்ட நிர்வாகம். மக்களோடு சேர்ந்து மதிப்பிடுவது எங்கள் சட்ட உதவிக் குழு. வரைவறிக்கையை நிர்வாகத்துக்கு அனுப்பி ஒன்பது நாள். அதில் பெயர் ஒன்றும் இல்லை. மும்முறை சரிபார்த்தேன். லெட்சுமி அதில் "பங்கேற்பாளர் 7" மட்டுமே.

பிற்பகல். விளங்கிவிட்டது. பின்னிணைப்பு 4, நிழற்படம். கோவில் மண்டபத் தரையில் அவர்களே சுண்ணக்கட்டியால் வரைந்த லயத்து வரிசைவீடுகளின் வரைபடம். தாதி வந்திருந்தால் தம் வீட்டின்மேல் வெள்ளைக் கல், வராவிட்டால் புளியங்கொட்டை. எட்டு வீடுகள். ஏழு கல், ஒரு கொட்டை. கொட்டை இருந்தது தண்ணீர்த் தொட்டிக்கு அடுத்த வீட்டில், லெட்சுமியுடையது.

கூட்டம் முடிந்ததும் லெட்சுமி துடைப்பம் எடுத்துத் தரையைக் கூட்டினார். அதற்கு முன்பே நான் படம் எடுத்திருந்தேன். சான்று வேண்டுமே என்று.

பெயரை நீக்கினேன். வீட்டை நீக்கவில்லை.

செவ்வாய்

மழை விடவில்லை. கோத்தா திங்கி சாலையில் தண்ணீர். தோட்ட அலுவலகத்தில் எழுத்தரான கிராணி, மிகுந்த மரியாதையுடன்: "அது ரிப்பேருக்குத்தான் லாயர் சார். உங்க ரிப்போர்ட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல லா." பிறகு, தேநீரை நகர்த்தியபடி: "இன்னொரு கூட்டம் போட்டுப் பாருங்களேன். ஜனங்க மனசு மாறியிருக்கும். நோட்டீஸும் ஒத்திப் போகலாம்."

குடியிருப்பு உரிமை: வாய்மொழி. பழிவாங்கல் என்பதற்குச் சான்று: இல்லை. வழக்கு: நிற்காது.

லெட்சுமி வீடு. கணவர் நாற்காலியைக் காட்டினார். "நல்லா உக்காருங்க சார். இன்னும் பதிமூணு நாளைக்கு எங்க வீடுதான்." மன்னிப்புக் கேட்டேன். லெட்சுமி: "யாருக்கும் தெரியாதுன்னு நீங்க சொன்னீங்க. அதான் சார் கொட்டைய வச்சேன்."

அவர் தந்த தேநீரைக் குடித்தேன், சர்க்கரை இல்லாதது.

வியாழன்

மறு கூட்டம். அதே மண்டபம், அதே வரைபடம். வாசலில் கிராணி, கச்சான் கடலை கொறித்தபடி. நிர்வாகத்தாரை விலகி நிற்கச் சொல்லும் விதி என்னிடம் உண்டு. சொல்லவில்லை.

ஏழு கல். கடைசியாக லெட்சுமி. அருகிலேயே கணவர், கால்சட்டையின் ஒரு காலை மடித்துவிட்டு. வெள்ளைக் கல்லை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எழுதிக்குங்க சார். மாசாமாசம் வந்தாங்க."

பிரேமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "படம் எடுக்கலையா லாயர் சார்?" என்றார் கிராணி.

எடுத்தேன்.

வெள்ளி

வெயில். திருத்திய அறிக்கை மேசைமேல். ஐந்து மணிக்குள் என் ஒப்பம் நிர்வாகத்துக்கு வேண்டுமாம்; நோட்டீஸைத் திரும்பப் பெறும் கடிதம் அதன் பிறகே.

மூன்றரைக்குப் பிரேமா. "முனியம்மாக்கா கால்ல புண்ணு சார். கறுத்துப் போச்சு. ரெண்டு கூட்டத்துலயும் கல்லுதான் வச்சாங்க."

"தாதி?"

"யாரு சார் தாதி? எந்த வீட்டுக்கும் வந்ததே இல்ல."

4.40. ஒப்பமிட்டேன்.

நாளை காலை 7: முனியம்மா, என் காரில் மருத்துவமனைக்கு. கல் வைத்த மற்ற ஆறு பேரின் கால்களையும் பார்க்க வேண்டும்.