நாலாம் நம்பர் ஃப்ளாப்பி

காலையில் திருநீற்றுத் தட்டில் கை வைப்பதற்கு முன்பே நினைவுக்கு வந்துவிடுகிற என் மதினிக்கு,

நீங்கள் போய் இந்த வாரத்தோடு வருஷம் ஒன்று முடிகிறது. படத்துக்கு மாலை போட்டாயிற்று, விளக்கும் ஏற்றியாயிற்று. இனி மனதில் உள்ளதைக் கொட்ட வேண்டும். கோபமாகத்தான் எழுதுகிறேன் மதினி. முதல் கோபம் கோயில் கமிட்டித் தலைவர் மேல். அடுத்த கோபம் உங்கள் மேல். தெவசத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் இந்தத் தாளைக் கொடுக்கப் போகிறேன். ஊரே படிக்கட்டும்.

உங்களைத் தெரியாத ஆட்களும் வருவார்கள் என்பதால் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நீங்கள் என் அண்ணன் பெண்டாட்டி. அண்ணன் இறந்த பிறகு பழனிசெட்டிபட்டியில் கம்ப்யூட்டர் டைப்பிங் கடை போட்டவர். இந்தப் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் உங்கள் கையில் அடித்ததுதான். நான் எட்டாவது வரை படித்தவள். கடையில் காகிதம் எடுத்துக் கொடுப்பேன், பிழை பார்ப்பேன், வந்தவர்களோடு பேசிக்கொண்டிருப்பேன். "சீனி, பிரிண்டரை நிறுத்திட்டாலும் உன் வாய் ஓடிக்கிட்டே இருக்குதுத்தா" என்பீர்கள்.

நம் காளியாத்தாவுக்கு வருஷா வருஷம் நடக்கிற வெள்ளிக்கிழமை விளக்கு பூசையில் சொல்கிற போற்றி, நாம் இரண்டு பேரும் சேர்ந்து கட்டியது. கடையில் விற்கிற போற்றிப் புத்தகத்தில் எல்லா ஊருக்கும் ஒரே சாமி. நம் ஆத்தா அப்படியா? "முல்லையாற்றில் முங்கிக் குளித்தவளே போற்றி" என்று நான் ஒன்று சொல்ல, "ஏலத்தோட்ட ஜீப்புக்கு எதிரே நின்று காப்பவளே போற்றி" என்று நீங்கள் ஒன்று சொல்வீர்கள். விடிவதற்கு முன் ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து மலையேறிக் கேரளாவுக்குக் கூலிக்குப் போகிற பெண்கள் அந்த வரி வரும்போது மட்டும் சத்தமாகச் சொல்வார்கள். கவனித்திருக்கிறேன்.

ஆனால் நூற்றெட்டுக்கு நமக்குத் தொண்ணூற்றாறுதான் தேறியது. புத்தகத்திலும் அவ்வளவுதான் அச்சானது. மிச்சம் பன்னிரண்டுக்கு முதல் பன்னிரண்டையே திரும்பச் சொல்லிச் சமாளித்தோம். இத்தனை வருஷம் ஆத்தா ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

உடம்பு முடியாமல் இருந்த அந்தக் கடைசி மாதத்தில் நீங்கள் தனியாகக் கடையைத் திறந்து உட்கார்ந்து அடித்தீர்கள்.

"முடிச்சிட்டேன் சீனி. பன்னெண்டும் ஃப்ளாப்பியில கெடக்கு."

"வாசிச்சுக் காட்டுங்க மதினி."

"காயிதத்துல வரும்போது பாத்துக்க. என்ன அவசரம்?"

அவசரம் யாருக்கு இருந்தது என்று அடுத்த வாரம் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பி வரவில்லை.

இந்த வருஷப் பூசை நெருங்கியதும் தலைவர் வீட்டுக்கு வந்தார். முன்பே என்னிடம் அந்த ஃப்ளாப்பியை வாங்கிக்கொண்டுபோய் எங்கேயோ ஒரு புதுக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்திருக்கிறார். ஃப்ளாப்பியைத் திருப்பிக் கொடுத்தார். கையில் ஒரு தாள். முழுக்க இங்கிலீஷ் எழுத்தும், கொக்கியும், புள்ளியும், டாலர் குறியும்.

"இந்தா பாருங்க சீனியம்மா, ஒங்க மதினி எழுதுன போற்றி. இத வச்சு சாமி கும்புடவா, கொசு வெரட்டவா?"

"அது அப்படித்தாண்ணே இருக்கும். அதுக்குன்னு எழுத்து இருக்கு. அத ஏத்தணும்."

"குப்பைய எதுல ஏத்துனாலும் குப்பைதேன். நான் நெட்ல ஒண்ணு எடுத்துட்டேன். சென்னையில படிச்சவுக எழுதுனது, நூத்தியெட்டும் முழுசா இருக்கு. சாமின்னா ஒரு மரியாத வேணாமா? ஜீப்பு, ஏலக்கா, ஆத்துல முங்கிக் குளிக்கிறதுன்னு கண்டதையும் போற்றியில போட்டு வச்சிருக்கீக."

"ஜீப்புல போறவளத்தாண்ணே ஆத்தா காப்பாத்தணும். கார்ல போறவுகளுக்குத்தான் பெல்ட் இருக்கே."

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. புதன்கிழமைக்குள் நூற்றெட்டும் கையில் வராவிட்டால் இனி நம் போற்றியே கிடையாது, சென்னைப் போற்றிதான் என்று சொல்லிவிட்டுப் போனார். குப்பை என்கிறார் மதினி. நீங்கள் மூச்சு வாங்க வாங்க அடித்ததைக் குப்பை என்கிறார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அது ஏன் குப்பையாகத் தெரிகிறது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். நம் பழைய வேர்டு பிராசசருக்குத் தமிழே தெரியாது. அதற்குத் தமிழைக் கொடுப்பதற்கென்று நீங்கள் மதுரையில் ஒரு எழுத்து புரோகிராம் வாங்கி வந்தீர்கள், அஞ்சு ஃப்ளாப்பி. அடிக்கும்போது திரையில் இங்கிலீஷ் எழுத்துத்தான் ஓடும். பிரிண்டருக்குப் போகும் வழியில் அந்தப் புரோகிராம் பிடித்து அதைத் தமிழாக்கிக் காகிதத்தில் இறக்கும். திரையைப் பார்த்தால் குப்பை, காகிதத்தைப் பார்த்தால் ஆத்தா.

அதற்கு முன்னால் நம்மிடம் இருந்தது ஒரே அளவு எழுத்து. தலைப்பு பெரிசாக வேண்டும் என்றால் ஜெராக்ஸ் கடையில் பெரிசாக்கி, வெட்டி ஒட்டுவோம். ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி இருக்கும். இந்த எழுத்து அப்படி இல்லை. பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு, நூறு என்றால் நூறு, எவ்வளவு பெரிசாகக் கேட்டாலும் ஓரம் வழவழவென்று வரும். முதல் நாள் "காளியாத்தா" என்று காகிதம் கொள்ளுமட்டும் பெரிசாக எடுத்தீர்கள். நான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டதும், மை காயாமல் என் இமையெல்லாம் கறுப்பானதும் நினைவிருக்கிறதா?

சரி, கோபத்துக்கு வருகிறேன். ஒரு வருஷமாக ஓடாமல் கிடந்த நம் கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க் செத்துப்போயிருந்தது, அதிலிருந்த எழுத்துப் புரோகிராமும் அதோடு போயிற்று. அதை ஆட்டோவில் தூக்கிவைத்துக்கொண்டு தேனிக்குப் போனேன். பஜாரில் பழைய கம்ப்யூட்டர் பார்க்கும் ஜெபராஜிடம் இறக்கினேன். நல்ல பிள்ளை. சர்ச்சுக்குப் போகிறவர், காளியாத்தா போற்றிக்காக இரண்டு நாள் உட்கார்ந்தார். வேறொரு பழைய டிஸ்க்கைப் போட்டு, வேர்டு பிராசசரை ஏற்றி, அப்புறம் எழுத்துப் புரோகிராமை எடுத்தார். அது ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்டது. வேர்டு பிராசசர் எங்கே இருக்கிறது, எந்த பிரிண்டர், எந்த எழுத்து, எந்த அளவு. எல்லாவற்றுக்கும் உங்கள் நோட்டில் பதில் இருந்தது. "முதலில் பிரிண்டரைச் சொல். அப்புறம் எழுத்து. மாற்றிச் சொன்னால் ஒன்றன் மேல் ஒன்று ஏறும்" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தீர்கள்.

ஒன்று, இரண்டு, மூன்று ஏறிவிட்டது. நான்காவதைப் போட்டதும் கம்ப்யூட்டர் கரகரவென்று இழுத்துவிட்டு நின்றுவிட்டது.

"அக்கா, நாலாம் நம்பர் படிக்கல. உள்ள ஏதோ ஒட்டியிருக்கு. மஞ்சளா இருக்கே, என்ன இது?"

நான் பேசவில்லை மதினி. நான் பேசாமல் இருந்ததைப் பார்த்துப் பயந்துபோய் அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இத்தனை வருஷமாக உங்களிடம் மறைத்ததை இப்போது சொல்கிறேன். புரோகிராம் வந்த வருஷம் ஆயுத பூசைக்கு, நீங்கள் பொரிகடலை வாங்கப் போனபோது, நான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். பிரிண்டருக்கு, திரைக்கு, மவுஸுக்கு. ஃப்ளாப்பியில் முதலில் கைக்கு வந்த நாலாம் நம்பருக்கு வைக்கும்போது ஒரு யோசனை வந்தது. மேலே இருப்பது வெறும் உறைதானே, சட்டைக்குப் பொட்டு வைத்தால் ஆளுக்கு வைத்த மாதிரி ஆகுமா? அதனால் ஓரத்தில் இருக்கும் தகரக் கதவைத் தள்ளி, உள்ளே கறுப்பாக இருந்ததன் மேலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தேன். கையை எடுத்ததும் கதவு படக்கென்று மூடியது. பயந்துபோய் மற்ற நாலையும் விட்டுவிட்டேன். சேலை முந்தானையால் துடைத்து, பெட்டியில் போட்டு, யாருக்கும் சொல்லவில்லை. இதை மறுபடி ஏற்றத் தேவையே வரக் கூடாது என்று ஆத்தாவிடம் வேண்டிக்கொண்டேன். அவளும் உங்கள் காலம் முடியும்வரை தேவைப்படாமல் பார்த்துக்கொண்டாள்.

பக்தியில் செய்தது மதினி. அந்தப் பக்தியாலேயே ஆத்தாவின் போற்றி நின்றுபோகும் என்றால் நான் யாரிடம் போய் நியாயம் கேட்பேன்?

ஜெபராஜிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "எங்க வீட்டுல புது டிவிக்கு எண்ணெய் தடவி ஜெபம் பண்ணுவாகக்கா" என்றார். அப்புறம் கேட்டார், "அம்மா காப்பி எதுவும் எடுத்து வச்சிருக்க மாட்டாகளா? நோட்டுல இவ்வளவு எழுதுனவுக."

செவ்வாய்க்கிழமை முழுக்க உங்கள் வீட்டைக் குடைந்தேன். பீரோ, டிரங்குப் பெட்டி, மெத்தைக்கு அடி, சாமி அலமாரி, அரிசிப் பானை. இல்லை. உட்கார்ந்து அழுதேன், உங்களைத் திட்டினேன். ஆத்தாவையும் கொஞ்சம் திட்டினேன். அப்புறம் யோசித்தேன். இந்த வீட்டில் நான் கை வைக்காத இடம் எது? தீபாவளி அதிரசத்தை என் கண்ணில் படாமல் எங்கே வைப்பீர்கள்?

பரணில் இருந்த கறிச்சட்டி. நான் மாமிசம் விட்டு இருபது வருஷம். அந்தச் சட்டி இருக்கிற திசைக்கே போக மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். ஆத்தாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, முக்காலி போட்டு ஏறி, சட்டியைத் திறந்தேன். உள்ளே பிளாஸ்டிக் கவர். கவருக்குள் ஒரு ஃப்ளாப்பி. மேலே உங்கள் கையெழுத்து.

"நாலாம் நம்பர். பொட்டு வைக்காதது."

முக்காலியிலேயே நின்றுவிட்டேன் மதினி. உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை வருஷமாக? அந்த ஆயுத பூசை அன்றைக்கேவா? இதை எங்கே பிடித்தீர்கள்? எனக்குத் தெரியாமல் மறுபடி மதுரைக்குப் போனீர்களா? ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் நான் சந்தனக் கிண்ணத்தோடு வரும்போது ஃப்ளாப்பிப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொள்வீர்களே, அது இதற்குத்தானா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நாலு ஏச்சு ஏசியிருக்கலாம். ஏச்சு வாங்கியிருந்தால் அன்றைக்கே என் மனசு ஆறியிருக்கும். இத்தனை வருஷம் நான் மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், நீங்கள் அல்லவா மறைத்திருக்கிறீர்கள். இதுதான் உங்கள் மேல் எனக்குள்ள கோபம்.

புதன்கிழமை விடியுமுன் குளித்துவிட்டு முதல் பஸ்ஸில் தேனிக்கு ஓடினேன். நாலாம் நம்பர் ஏறியது, அஞ்சும் ஏறியது. ஜெபராஜ் உங்கள் போற்றியைத் திறந்தார். திரையில் அதே கொக்கி, அதே டாலர். பிரிண்ட் கொடுத்தார். பிரிண்டர் கொஞ்ச நேரம் யோசித்தது. அப்புறம் வரி வரியாக ஆத்தா இறங்கினாள்.

"திராட்சைப் பந்தலில் மருந்தடிப்பவன் மூச்சைக் காப்பவளே போற்றி" என்று ஜெபராஜ் வாசித்தார். வாசித்துவிட்டு, "இது எங்கப்பாவுக்கும் ஆகும்க்கா. அவரும் மருந்தடிச்சவர்தான்" என்றார். நூற்றேழு வரைக்கும் வாசித்தோம். நூற்றெட்டாவதை ஆத்தா முன்னால்தான் வாசிக்க வேண்டும் என்று சொல்லி, தாளை மடித்து நான் மடியில் வைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே, பழைய புத்தகத்துத் தொண்ணூற்றாறோடு இந்தப் பன்னிரண்டையும் சேர்த்து, தலைவர் ஒவ்வொன்றாக விரல் விட்டு எண்ணினார். சரியாக இருந்தது.

"சரி, இதையே அச்சுக்குக் கொடுத்திருவோம். அந்த ஜீப்ப மட்டும் எடுத்துட்டா நல்லாருக்கும்."

"ஜீப்ப எடுத்தா நூத்தியேழு ஆயிருமேண்ணே."

நூற்றெட்டையும் அப்படியே புத்தகமாக அச்சடித்தார்கள். பொம்பளைகள் அத்தனை பேரும் விளக்கேற்றி வைத்துச் சொன்னார்கள். ஜீப்பு வந்தபோது மண்டபமே அதிர்ந்தது. கடைசியாக, அதுவரை பார்க்காமலே வைத்திருந்த நூற்றெட்டாவதுக்கு நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன்.

"வாய் ஓயாமல் கூப்பிட்டாலும் சலிக்காமல் கேட்பவளே போற்றி."

பூசை மண்டபத்தில் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள் மதினி. தலைவர்கூடச் சிரித்தார். ஆத்தா சலிக்க மாட்டாள், அது எனக்குத் தெரியும். நீங்கள்?

இந்தக் கடிதத்தையும் உங்கள் எழுத்தில்தான் அடிக்கிறேன். உங்கள் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு விரலால், அஞ்சு நாளாக. திரையில் பார்த்தால் என் கோபமெல்லாம் கொக்கியும் டாலருமாகத் தெரிகிறது. காகிதத்தில் சரியாக வரும் என்று நம்பி அடிக்கிறேன்.

ஒரு சத்தியம் செய்து தருகிறேன். இந்த ஆயுத பூசைக்கும் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பேன், அதை என்னால் விட முடியாது. ஆனால் ஃப்ளாப்பிக்கு உறையோடு நிறுத்திக்கொள்வேன். நாலாம் நம்பரைத் திரும்பவும் கறிச்சட்டிக்குள்ளேயே வைத்து, பரணில் ஏற்றிவிட்டேன். என்னிடமிருந்து அதைக் காப்பாற்ற இந்த வீட்டில் அதைவிட நல்ல இடம் இல்லை.

நீங்கள் ஏசாமல் விட்டதை இன்னும் மன்னிக்காத,
உங்கள் நாத்தனா
சீனி