சொல்லக் கூடாத கடைசி வரி

பிப்ரவரி 3, செவ்வாய்

ஒத்திகை நான்காவது வாரம். எண்பத்தொரு வயதில் இரண்டு மணி நேரம் ஆர்தர் என்ற ஒருவரின் விதவையாக மேடையில் நிற்கிறேன். சினிமாவில் பத்துத் தடவை ராணியாக உட்கார்ந்தே காலம் தள்ளியவளுக்கு இது தேவையா?

நாடகத்தின் கடைசி வரி என்னுடையது. ஒத்திகையில் அதை மட்டும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பார்க்க ஆளில்லாமல் முடித்த நாடகம் விளங்காது என்பது எங்கள் நம்பிக்கை. அறுபத்தோரு வருடமாக நான் மீறியதில்லை. அந்த இடம் வந்தால் "டம் டி டம் டம்" என்று சொல்லி வைக்கிறேன்.

இயக்குநர் கேலமுக்கு முப்பது வயது. "ஒரே ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க மேடம்" என்று கெஞ்சினான். மாட்டேன்.

பிப்ரவரி 9, திங்கள்

இன்று இரண்டாம் அங்கத்தில் ஒரு வரி மறந்தது. என் தங்கையாக நடிக்கும் பெரில், ஐம்பது வருடத் தோழி, ஐம்பது வருட எதிரி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "காதுல ஒரு கருவி வெச்சுக்கோடி ஹெஸ்டர். திரைக்குப் பின்னால இருந்து ஒருத்தர் வரி எடுத்துக் கொடுப்பாங்க." அவள் காதில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. துணைக்கு ஆள் தேடுகிறாள்.

முப்பத்துநாலு வருடமாக எனக்கு மேடை உடை மாட்டிவிடும் டிலிஸிடம் சொல்லிவிட்டேன்: "முதல் காட்சியில ஒரு வரி மறந்தாலும் நடிப்பை விட்டுடறேன். சத்தியம்."

"கைய அசைக்காதீங்க, ஊசி குத்தும்" என்றாள்.

பயமாக இருக்கிறது. மேடை இல்லாவிட்டால் நான் யார்? பூனை வளர்க்கும் கிழவி. பூனைகூடக் கிடையாது.

பிப்ரவரி 23, திங்கள்

நாளை முதல் காட்சி. கடைசி வரியைக் குளிக்கும்போதுகூட முணுமுணுக்கவில்லை.

பிப்ரவரி 25, புதன்

ஐயோ.

நேற்று இரண்டு மணி நேரம் ஒரு வார்த்தை பிசகவில்லை. கடைசியில் ஜன்னலோரம் போனேன், விளக்கைப் பார்த்தேன், வாயைத் திறந்தேன் — ஆறு வாரப் பழக்கம் முந்திக்கொண்டது.

"டம் டி டம் டம்."

யாரும் அசையவில்லை. யாரோ விசும்பினார்கள். பிறகு அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது! இன்றைய பத்திரிகையில்: 'சொற்கள் தீர்ந்துபோன துயரத்தின் தாலாட்டு.' கேலம் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஒத்திகையிலயே இதைத்தான் காட்டிட்டு இருந்தீங்க. எனக்குத்தான் புரியல. தினமும் இப்படியே செய்யுங்க மேடம்."

டிலிஸ் கொக்கிகளைக் கழற்றியபடி கேட்டாள். "மறந்துட்டீங்களா, வேணும்னே செஞ்சீங்களா?"

"வேணும்னுதான்."

"சரி" என்றாள். அந்தச் 'சரி' எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

நேற்று கடைசிக் காட்சி. எட்டு வாரமாக டம் டி டம். முன்வரிசைக்காரர்கள் கூடவே முனகத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பொய் போதும் என்று தோன்றியது. நேற்று யாரிடமும் சொல்லாமல் உண்மையான வரியைச் சொன்னேன்.

"விளக்கு எரியட்டும். ஆர்தருக்கு இருட்டு பிடிக்காது."

எவ்வளவு நல்ல வரி. எழுத்துப் பிசகாமல் சொன்னேன். அரங்கத்தில் சலசலப்பு. முன்வரிசையில் ஓர் அம்மாள் கணவனிடம், "பாவம், கடைசி வரிய மறந்துட்டாங்க" என்றாள். பெரில் என் தோளை அணைத்து, காதோடு எடுத்துக்கொடுத்தாள்: "டம் டி டம் டம்."

டிலிஸ் சிரித்துச் சிரித்து விக் பெட்டிமேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னிக்கு நான் மறந்தது உனக்குத் தெரியுமா?"

"அப்பவே தெரியும்."

"சத்தியம் பண்ணியிருந்தேனே. ஏன் சொல்லல?"

"சொன்னா விட்டிருப்பீங்க."

ஏப்ரல் 27, திங்கள்

புது நாடகம், ஒத்திகை முதல் நாள். இதில் கடைசி வரி பெரிலுக்கு. அந்த இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு "லா லா லா" என்றாள்.

டிலிஸ் என்னைப் பார்த்தாள். நான் பெரிலிடம் ஒன்றும் சொல்லவில்லை.